வீடு வாங்குமுன் வில்லங்கம் தேடுதல்

சில ஆண்டுகளுக்கு முன் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதனுள் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல், வீட்டு வரி ரசீதுகள் ஆகியவை ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் புதிதாக வந்து சேர்ந்த காகிதம் ஒன்றும் இருந்தது. அது நீதிமன்ற அழைப்பாணை.

தமக்கிருந்த மூன்று மா நஞ்சையில் இரண்டு மாவை விற்று, அப்பணத்தைக் கொண்டு 2016-ஆம் ஆண்டில் அவர் ஒரு வீடு வாங்கியிருந்தார். பிள்ளைகளின் படிப்புக்கு வசதியாக இருக்கும், முதுமையில் ஒதுங்கவும் ஓர் இடமாகும் என்பது அவருடைய எண்ணம். வாங்குமுன் அவர் கவனமின்றி இருந்தார் என்றும் சொல்வதற்கில்லை. 15 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெற்றார். அதில் வில்லங்கம் ஏதுமில்லை என்று கண்டிருந்தது. பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. வரியும் அவர் பெயரிலேயே செலுத்தப்பட்டு வந்தது. “இத்தனையும் பார்த்துத்தானே ஐயா வாங்கினேன்? சர்க்கார் ஆபீசில்தானே பதிந்தேன்?” என்று அவர் கேட்டார்.

அந்த வீட்டை விற்றவருடைய தந்தை 1988-ல் வாங்கியிருந்தார். 1998-ல் அவர் உயில் எழுதாமல் காலமானார். வாரிசுகளாக எஞ்சியவர்கள் ஒரு மகனும் இரு மகள்களும். மகள்களில் ஒருவர் மயிலாடுதுறைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். மற்றவர் கணவருடன் பிரான்சு தேசம் சென்றவர். மகன் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, முழு வீட்டையும் தாம் ஒருவரே விற்றுவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. ஆகவே விற்றவருக்கு உரியது மூன்றில் ஒரு பங்கே ஆகும். தமக்கு உரிமையில்லாத மூன்றில் இரண்டு பங்கையும் சேர்த்து அவர் விற்றிருந்தார். சகோதரிகள் பாகம் கோரி வழக்குத் தொடர்ந்தனர். முடிவில் அந்தக் குடியானவர் எஞ்சியிருந்த ஒரு மா நிலத்தையும் விற்று, அப்பணத்தைச் சகோதரிகளுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். ஒரே வீட்டை அவர் இருமுறை வாங்கினார், உழுதுண்ண நிலமில்லாதவரானார்.

அவர் பெற்ற வில்லங்கச் சான்றில் பிழையேதும் இல்லை. பதிவான பத்திரங்களையே அச்சான்று கூறும். மரணத்தால் வாரிசுகளுக்கு வந்து சேரும் உரிமை பதிவுப் புத்தகத்தில் ஏறுவதில்லை. வீடு வாங்குவோர் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே: வில்லங்கச் சான்று தேடுதலின் தொடக்கமேயன்றி முடிவாகாது. அது சொல்வதைப் படிப்பது பாதி வேலை. அது சொல்லாததை வேறு இடங்களில் தேடுவது மறுபாதி.

பதிவு வேறு, பாத்தியதை வேறு

சர்க்கார் அலுவலகத்தில் பதிவான பத்திரத்திற்குச் சர்க்காரே பொறுப்பு என்று நம் மக்களில் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் இன்னாரே, அவர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார், முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டது என்பவற்றையே சார்பதிவாளர் பார்க்கிறார். விற்பவருக்கு அந்த வீடு உண்மையில் உரியதுதானா என்று விசாரித்துத் தீர்ப்பளிப்பது அவர் வேலையன்று. தமிழ்நாட்டில், விற்பவர் தம் மூலப் பத்திரத்தைக் காட்டாவிடில் பதிய மறுக்கலாம் என்று பதிவு விதி ஒன்று செய்யப்பட்டிருந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று கூறிவிட்டது. விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராயும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டம் பதிவு அலுவலருக்கு வழங்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

உலகில் வேறு முறையும் உண்டு. 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த சட்டத்தின்படி, அரசாங்கமே உரிமையைப் பதிந்து, அதற்கு உறுதியும் அளிக்கிறது. அங்கே பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. நம் நாட்டில் பதியப்படுவது பத்திரம், உரிமையன்று. ஆகவே உரிமையைத் தேடித் தெளியும் கடமை வாங்குபவர் தலையில் விழுகிறது.

பதிவுப் புத்தகத்தில் தேடும் முறை

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தைப் பற்றிய பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏற்றப்படுகின்றன. அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களின்படி அமைந்தது. மற்றது சொத்தின்படி அமைந்தது. உரிய கட்டணத்தைச் செலுத்தி இவற்றைப் பார்வையிடவும், நகல் பெறவும் யாவருக்கும் உரிமை உண்டு. இதற்கு விற்பவருடைய அனுமதி தேவையில்லை. அவர் கொடுக்கும் நகலை நம்பாமல், வாங்குபவர் தாமே மனுச்செய்து பெறுவது நலம்.

எத்தனை ஆண்டுகளுக்குத் தேடுவது? 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் தேட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, அடமானத்தை மீட்க வழக்கிடும் காலம் 30 ஆண்டு. அரசாங்கம் வழக்கிடும் காலமும் பொதுவாக 30 ஆண்டு. ஆயினும் 30 என்னும் எண்ணோடு நின்றுவிடலாகாது. சொத்து எந்தப் பத்திரத்தினால் இக்குடும்பத்திற்கு வந்ததோ அந்த மூலப் பத்திரம் வரை செல்ல வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் அதைச் சங்கிலியைப் போல வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பத்திரத்தில் வாங்கியவர் எவரோ, அவரே அடுத்த பத்திரத்தில் விற்றவராக இருத்தல் வேண்டும். வாங்கியவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றிருந்தால் அந்த இடத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. அது பெரும்பாலும் ஒரு மரணமாக இருக்கும். மேற்சொன்ன குடியானவர் 15 ஆண்டுகளுக்குப் பதிலாக 30 ஆண்டுகளுக்குத் தேடியிருந்தால், 1988-ல் தந்தை பெயருக்கு ஏற்பட்ட கிரயம் சான்றில் வந்திருக்கும். “தந்தை பெயரில் இருந்த வீடு உமக்கு மட்டும் எப்படி வந்தது?” என்ற ஒரு கேள்வி அவரைக் காப்பாற்றியிருக்கும்.

மற்றொரு கவனம், மனுவில் எழுதும் சர்வே எண்ணைப் பற்றியது. எண்ணைத் தவறாகக் கொடுத்தால், அந்தத் தவறான எண்ணுக்கு வில்லங்கம் இல்லை என்றே சான்று வரும். அச்சான்றினால் பயனில்லை.

காரைக்கால் பகுதியின் தனி வரலாறு

இவ்விடத்தில் நம் பகுதியின் வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, 1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. பதிவுச் சட்டம், சொத்து மாற்றச் சட்டம் முதலியவை 1968-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகவே புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கு விரிவாக்கப்பட்டன.

இதனால் விளையும் பயன் யாது? பழைய வீடுகளின் மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில், நோத்தேர் என்னும் பத்திர அதிகாரி முன் எழுதப்பட்டதாக இருக்கலாம். அதைப் படிக்கத் தெரியாமல், முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தியடைதல் கூடாது. தகுந்தவரைக் கொண்டு முழுவதையும் தமிழாக்கிப் பார்க்க வேண்டும்.

நிலத்தின் எண்ணிலும் இத்தகைய சிக்கல் உண்டு. பழைய பத்திரத்தில் பிரெஞ்சு காலத்துக் கதாஸ்தர் எண் இருக்கும். பின்னர் 1967-ஆம் ஆண்டு நில அளவை எல்லைச் சட்டம், 1970-ஆம் ஆண்டுச் செட்டில்மெண்டுச் சட்டம் ஆகியவற்றின்படி மறு அளவை நடந்து புதிய எண்கள் வழங்கப்பட்டன. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே மனையைத்தான் குறிக்கின்றனவா என்பதைச் செட்டில்மெண்டு நகலையும் புல வரைபடத்தையும் வைத்து ஒப்பிட வேண்டும். புதுச்சேரி அரசின் ‘நிலமகள்’ கணினிப் பதிவுகள் இப்போது இதற்கு உதவியாக இருக்கின்றன.

அளவையிலும் ஏமாறலாகாது. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் 1 குழி 144 சதுர அடி. 100 குழி 1 மா. 20 மா 1 வேலி. புதுச்சேரிப் பக்கத்திலோ 1 குழி என்பது 576 சதுர அடி. அரசாங்கப் பதிவேட்டில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். 1 சென்டியார் 1 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 10¾ சதுர அடி. 100 சென்டியார் 1 ஆர். பத்திரத்தில் கண்ட குழியையும் பதிவேட்டில் கண்ட ஆரையும் சதுர அடிக்கு மாற்றி, பின்னர் நில அளவையாளரைக் கொண்டு மனையை நேரில் அளந்து, மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

வாரிசுரிமையிலும் நம் பகுதி தனித்தன்மை உடையது. பிரெஞ்சு ஆட்சியில் இங்கு வழங்கிய இந்து வழக்குச் சட்டப்படி, தந்தை உயிரோடிருக்கையில் மகன்களுக்குப் பிறப்பினால் பங்கு கிடையாது. தந்தையே முழு உரிமையாளர். அண்டையிலிருந்த தஞ்சை ஜில்லாவில் வழங்கிய முறை வேறு. ஆகவே அக்காலத்துப் பத்திரத்தில் மகன்களின் கையொப்பம் இல்லை என்பது ஒன்றே குறையாகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் முதல் நாளிலிருந்து இங்கு அமலுக்கு வந்தது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் குல வழக்கைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு அந்த வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அத்தகைய குடும்பத்தாரிடம் வாங்குவோர், அச்சட்டத்தை அறிந்த வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டாமல் முன்பணம் கொடுத்தல் ஆகாது.

சான்று சொல்லாதவை

இனி, வில்லங்கச் சான்றில் தோன்றாத ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது வாரிசுகள். வீட்டின் உரிமையாளர் உயிலின்றி இறந்திருந்தால், மனைவி, மகன், மகள், அவருடைய தாய் ஆகிய அனைவரும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள். மணமாகிப் போன மகளின் பங்கு மணத்தினால் மறைந்துவிடாது. சீர் செய்தோம் என்பது பங்கு கொடுத்ததாகவும் ஆகாது. வருவாய்த் துறையின் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதோடு நில்லாமல், கொம்யூன் பஞ்சாயத்தின் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். தெருவில் உள்ள பெரியவர்களையும் விசாரியுங்கள். வாரிசுகள் அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அல்லது பதிவான விடுதலைப் பத்திரமோ பாகப் பத்திரமோ இருத்தல் வேண்டும். ஒருவருடைய பங்கை மட்டும் வாங்கினாலும் போதும், உள்ளே குடியேறிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அயலாருக்கு, அக்குடும்பத்தாரோடு சேர்ந்து சுவாதீனம் பெறும் உரிமை இல்லை என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கூறுகிறது.

இரண்டாவது மைனர் பங்கு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் சொத்தை, 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, தாயோ தந்தையோ நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. விற்றிருந்தால், அப்பிள்ளை வயது வந்த பின் மூன்று ஆண்டுகளுக்குள் அதை ரத்துச் செய்யும்படி வழக்கிடலாம். பழைய பத்திரங்களில் மைனருக்காகக் காப்பாளர் கையொப்பமிட்டிருந்தால், அனுமதி ஆணையைக் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, பத்திரத்தை ஒப்படைத்துப் பெற்ற கடன். மூலப் பத்திரங்களைப் பாங்கியில் ஈடாக ஒப்படைத்துக் கடன் பெறும் முறை சட்டத்தில் உண்டு. இதற்குப் பதிவு கட்டாயமன்று. ஆகவே சான்றில் இது இடம்பெறாமலும் போகலாம். இதைக் கண்டறிய எளிய வழி, அசல் பத்திரங்கள் அனைத்தையும் கண்ணால் காண்பதே. நகல் மட்டும் காட்டி, அசல் தொலைந்துவிட்டது என்பவரிடம் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பாங்கிகள் தம் அடமானங்களைப் பதிந்து வைக்க 2011 முதல் ‘செர்சாய்’ எனப்படும் மத்தியப் பதிவேடு ஒன்றும் நடந்து வருகிறது. சிறு கட்டணத்தில் எவரும் அதில் தேடலாம்.

நான்காவது நீதிமன்ற வழக்கு. வீட்டைப் பற்றி வழக்கு நடந்துகொண்டிருக்கையில் வாங்கியவர், தாம் அறியாமல் வாங்கினாலும் அவ்வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே ஆவார். விற்பவருடைய பெயரைக் கொண்டு காரைக்கால் நீதிமன்றங்களின் வழக்குப் பட்டியலைப் பார்ப்பது இன்று கணினி வழியாகவே இயலும்.

ஐந்தாவது கோயில் நிலம், புறம்போக்கு, நிபந்தனைப் பட்டா. திருநள்ளாறு போன்ற தலங்களில் அடிமனை கோயிலுக்கும் மேற்கட்டடம் குடியிருப்பவருக்கும் உரியதாக இருப்பதுண்டு. அங்கே விற்பவரால் கட்டடத்தை விற்க முடியுமேயன்றி மனையை விற்க முடியாது. 1972-ஆம் ஆண்டுப் புதுச்சேரி இந்து அறநிலையச் சட்டத்திற்கு உட்பட்ட சொத்தை அரசின் அனுமதியின்றி விற்க இயலாது. அனுமதி ஆணை என்று ஒரு காகிதத்தைக் காட்டினாலும் அதை வழங்கிய அலுவலகத்திற்கே சென்று சரிபார்க்க வேண்டும். 2024-ஆம் ஆண்டில் காரைக்கால் கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆணை தயாரித்து மனைகளாக்கி விற்க முற்பட்டதாகக் காவல் துறையினர் வழக்குப் பதிந்து பலரைக் கைது செய்ததை நாம் அனைவரும் அறிவோம். வக்பு நிலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாய்க்கால் கரையிலும் குளக்கரையிலும் உள்ள வீடுகளில், கொல்லைப் பகுதி புறம்போக்கில் சேர்ந்திருக்கக்கூடும். வரி ரசீது இருப்பதனால் புறம்போக்கு பட்டா நிலமாகிவிடாது. ஏழைகளுக்கு அரசு இலவசமாக வழங்கிய மனைகளில் விற்பனையைத் தடுக்கும் நிபந்தனை இருக்கக்கூடும். பட்டாவின் பின்பக்கம் வரை படிப்பது நலம்.

ஆறாவது சுவாதீனம். வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் வாங்குவோர் உண்டு. சட்டமோ, வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் அவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்ததாகவே கொள்ளும். ஆகவே உள்ளே இருப்பவரை, “எந்த முறையில் இருக்கிறீர்கள்? வாடகையா, போக்கியமா, பங்கா?” என்று கேட்க வேண்டும். மாலை நேரத்தில் ஒருமுறை, காலையில் ஒருமுறை என இருவேளை சென்று பார்த்தால் பல உண்மைகள் வெளிப்படும். வழிநடை, சாக்கடை, பொதுச்சுவர் ஆகியவற்றைப் பற்றி அண்டை வீட்டாரையும் கேட்பது முறை.

முகவர் வழியாக விற்கும்போது

நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் பிரான்சில் இருப்பர். ஆகவே அதிகாரப் பத்திரம் பெற்ற முகவர் வந்து விற்பது இங்கு வழக்கம். அதிகாரப் பத்திரம் முறையாக எழுதப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாகத் தரப்பட்டிருக்கிறதா, அது பின்னர் ரத்துச் செய்யப்படவில்லையா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இறந்தவுடன் முகவரின் அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். வெளிநாட்டில் எழுதப்பட்டதாயின், அந்நாட்டு நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன் எழுதப்பட்டு, இந்தியா வந்து மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். இன்று தொலைபேசியில் முகம் பார்த்தே பேசலாம். உரிமையாளரை நேரில் கண்டு, “வீட்டை விற்கச் சொன்னது உண்மைதானா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராயின், கிரயத் தொகையில் வருமான வரியைப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவரைச் சேரும் என்பதையும் மறத்தலாகாது.

கிரயப் பத்திரம் இல்லாமல், அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றை மட்டும் எழுதிக்கொண்டு வீடு கைமாறும் வழக்கமும் உண்டு. இதனால் உரிமை மாறுவதில்லை என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இத்தகைய கண்ணி சங்கிலியில் எங்கேனும் இருந்தால், பழைய உரிமையாளரையோ அவர் வாரிசுகளையோ கொண்டு கிரயப் பத்திரம் எழுதச் செய்யாமல் வாங்கலாகாது.

முன்பணமும் பதிவு நாளும்

சனிப்பெயர்ச்சிக் காலங்களில் திருநள்ளாற்றுக்கு இலட்சக்கணக்கான அடியார்கள் வருகின்றனர். 2023 டிசம்பர் 20-ஆம் நாள் நடந்த பெயர்ச்சியையும் நாம் கண்டோம். ஊர் வளர மனை விலையும் ஏறுகிறது. “நாளைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்” என்று தரகர் அவசரப்படுத்துவது இயல்பே. இவ்வவசரத்திற்கு இடம் கொடுத்தலாகாது. உரிமைப் பத்திரங்கள் அனைத்தையும் வாங்குபவர் கேட்டால் காட்ட வேண்டிய கடமையையும், உரிமையில் உள்ள மறைவான குறையை வெளியிட வேண்டிய கடமையையும் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விற்பவர்மேல் சுமத்துகிறது. பத்திரங்களைக் காட்ட மறுப்பவரிடம் முன்பணம் தருவது வீண்.

முன்பணம் தரும்போது எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற விதி அதில் இருக்க வேண்டும். பின்னர் உள்ளூர் நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிடலாம். மறைந்திருக்கும் பங்காளிகள் பணம் கைமாறுவதற்கு முன்னரே வெளிப்பட அது உதவும்.

பதிவு நாளன்று மீண்டும் ஒருமுறை தேட வேண்டும். பத்திரம் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் அதைப் பதிவுக்குக் கொண்டுவரலாம். பதிவான பின், அது பதிந்த நாளிலிருந்தல்ல, எழுதிய நாளிலிருந்தே செல்லும். ஆகவே ஒருவர் சித்திரையில் ஒருவருக்கும் வைகாசியில் மற்றொருவருக்கும் எழுதிக் கொடுத்து, வைகாசிப் பத்திரம் முதலில் பதிவானாலும், உரிய காலத்தில் பின்னர் பதிவாகும் சித்திரைப் பத்திரத்திற்கே முதன்மை கிடைக்கும். இதை முற்றிலும் தடுக்க வழியில்லை. அசல் பத்திரங்களையும் சாவியையும் பதிவு நாளன்றே கையில் பெறுதல், மீதித் தொகையை அன்றுதான் கொடுத்தல் ஆகிய இரண்டும் ஓரளவு காப்பாகும். பதிந்த பின் பட்டா மாற்றத்திற்கும் வீட்டு வரிப் பெயர் மாற்றத்திற்கும் காலதாமதமின்றி மனுச்செய்ய வேண்டும்.

பஞ்சாயத்து அன்பர்களுக்கு

கிராமத்தில் வீடு வாங்குவோர் முதலில் நாடுவது பஞ்சாயத்து அங்கத்தினரைத்தான். “எனக்குத் தெரிந்த குடும்பம், தாராளமாக வாங்கலாம்” என்று அங்கத்தினர் சொல்லும் ஒரு சொல், பலருக்கு வழக்கறிஞரின் கருத்தைவிடப் பெரிது. ஆகவே அச்சொல்லை எளிதில் சொல்லிவிடக் கூடாது. சாட்சிக் கையொப்பமிடுமுன், “உம் அக்காள் தங்கைகள் எங்கே? அவர்கள் கையொப்பமிட்டார்களா?” என்று விற்பவரைக் கேளுங்கள். ஊரிலுள்ள புறம்போக்கு, கோயில் நிலம் ஆகியவற்றின் சர்வே எண்களை எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டி வைத்தால், படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அது காவலாகும். வீட்டு வரி ரசீது உரிமைச் சான்று அன்று. பட்டாவும் தன்னளவில் உரிமையை நிலைநாட்டாது. இந்த இரண்டு செய்திகளையும் கிராமக் கூட்டங்களில் எடுத்துச் சொல்வது நல்ல தொண்டு.

தேடுதலுக்கு ஆகும் செலவு வீட்டின் விலையில் மிகச் சிறிய பகுதியே. வில்லங்கச் சான்றின் கட்டணம், நில அளவைக் கட்டணம், வழக்கறிஞருக்குரிய தொகை எல்லாம் சேர்ந்தாலும், ஒரு மா நிலத்தின் விலைக்கு அருகில் வாரா. நம்மிடம் வந்த குடியானவர் இழந்தது அந்த ஒரு மாவைத்தான்.

நளன் தன் நாட்டைச் சூதில் இழந்தான் என்ற கதை திருநள்ளாற்றில் குழந்தைகளும் அறிந்தது. தேடாமல் வீடு வாங்குவதும் ஒருவகைச் சூதே. அந்தக் குடியானவர் இப்போது தம் உறவினர் எவரேனும் வீடு வாங்கப் போவதாகச் சொன்னால், தாமே உடன் சென்று விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறார்: “உங்கள் தகப்பனாருக்கு மக்கள் எத்தனை பேர்?” வீடு வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.